இரவல் பட்டை

மனித நடமாட்டமே கூடாத நாளாகப் பார்த்து பெலாங் தெருவுக்கு ஓடிவிட்டது.

நியேப்பி. பாலித் தீவு முழுக்க வாயைப் பொத்திக்கொள்ளும் நாள். அடுப்பு கிடையாது, விளக்கு கிடையாது, வண்டி கிடையாது. விமானம்கூட இறங்காது. வாசற்படி தாண்டினால் பெச்சாலாங் பிடித்துக்கொள்வார்கள். கட்டம் போட்ட கருப்பு வெள்ளை வேட்டியும் தலைக்கட்டுமாகத் தெருத்தெருவாகச் சுற்றும் ஊர்க்காவல்காரர்கள் அவர்கள். சட்டமெல்லாம் மனிதர்களுக்கு. நாய்க்கு யார் சொல்வது?

"பெலாங். டேய். உள்ள வாடா."

வாசல் கதவின் இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு முர்தினி குரல் எழுப்பாமல் மூச்சுக்காற்றிலேயே கூப்பிட்டாள். நாய் திரும்பவில்லை. நட்டநடுத் தெருவில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எதையோ கேட்பது போல நின்றிருந்தது. அதன் கழுத்தில் சிவப்புப் பட்டை காலை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

தெருமுனையில் கட்டம் போட்ட வேட்டி வந்தது. அந்த நடையைப் பார்த்ததுமே முர்தினிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சுவித்ரா. பெச்சாலாங்குகளுக்குத் தலைவர். இருமினால்கூட மெதுவாக இருமச் சொல்லும் மனிதர்.

"முர்தினி, நாய்க்கும் இன்னைக்கு நியேப்பிதான். உள்ள கூப்பிடு" என்றார் தணிந்த குரலில்.

"கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன் ப்ளி. காது கேக்காத மாதிரி நிக்குது." தன்னைவிட மூத்த ஆண் யாராக இருந்தாலும் அங்கே 'ப்ளி'தான். கட்டிய கணவனும் ப்ளிதான்.

சுவித்ரா குனிந்து நாயின் பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

குரைப்பு இல்லை. உறுமல் இல்லை. சடாரென்று அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையைக் கவ்வியது. உதறியது. விட்டது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல முர்தினியின் காலை உரசிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டது.

சுவித்ரா கத்தவில்லை. கத்தவும் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை உதறினார். ரத்தம் தாரில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"நல்ல பல்லு வளர்த்து வச்சிருக்கே" என்றார் மூச்சை இழுத்துக்கொண்டு. "ஊசி போட்டதுதானே? பட்டை பார்த்தேன்."

முர்தினி தலையாட்டினாள்.

அவ்வளவுதான். அவர் வேட்டி நுனியால் கையைச் சுற்றிக்கொண்டு, "கதவைத் தாள் போடு. உன் புருஷன்கிட்ட சொல்லு, போன வருஷம் விளக்கு, இந்த வருஷம் நாய்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

முர்தினி தாள் போட்டாள். பெலாங்குக்கு ஊசி போட்டு வருடம் தாண்டிவிட்டது. அந்தச் சிவப்புப் பட்டை அதனுடையதே இல்லை.

வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பு ஊசிக் குழு ஊர்ச் சாவடிக்கு வரும். நாய்களை வலையில் பிடித்து ஊசி போட்டு, கழுத்தில் பட்டை கட்டும். போன வருடம் மஞ்சள். இந்த வருடம் சிவப்பு. குழு வந்த அன்று முர்தினி பிறந்த ஊரில், கோயில் திருவிழாவில் இருந்தாள். கணவன் ஆர்சனா வயலில் இருந்தான். பெலாங் அவன் பின்னாலேயே போயிருந்தது. இரண்டு நாள் கழித்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு: சிவப்புப் பட்டை இல்லாத நாய்கள் அப்புறப்படுத்தப்படும்.

அப்புறப்படுத்துவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வீட்டு மெனு அப்போது சமையலறை ஆணியில் தொங்கிய பட்டையை எடுத்து நீட்டினாள். அவள் நாய் ஊசி போட்ட கையோடு லாரியில் அடிபட்டுச் செத்திருந்தது. "இந்தா, கட்டிவிடு. அடுத்த வாரம் டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுக்க. யார் வந்து கழுத்தை மோந்து பார்க்கப் போறாங்க?"

அடுத்த வாரம் சித்தப்பா மகள் கல்யாணம். அதற்கடுத்து கலுங்கான் பண்டிகை. மோட்டார் சைக்கிளில் உட்காரவும் பெலாங்குக்குப் பிடிக்காது. நாள் ஆக ஆக, பட்டை கழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து, ஊசி போட்டாயிற்று என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஆர்சனா கிழக்குக் கூடத்தில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். மௌன விரதம். விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. போன நியேப்பியில் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தோடு சுவித்ராவிடம் மாட்டிக்கொண்டவன் அவன். ஊர்க்கூட்டத்தில் பெயரைப் படித்து, கோயில் முற்றத்தைப் பெருக்க வைத்தார்கள். இந்த வருடம் சுவித்ராவையே மிஞ்சுகிற மாதிரி நியேப்பி இருந்து காட்டுகிறேன் என்று சபதம் போட்டிருந்தான்.

"ப்ளி. சுவித்ராவை நாய் கடிச்சிருச்சு."

கண் திறந்தது. உதட்டோரம் லேசாக மேலே ஏறியது.

"சிரிக்காதீங்க. ஊசி போட்டதான்னு கேட்டார். ஆமான்னுட்டேன்."

உதடு இறங்கியது. அவன் விரலை வாயில் வைத்துக் காட்டினான். பிறகு பெலாங் போன திசையைக் காட்டி, கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தான்.

"தெரிஞ்சா நாயைக் கொன்னுருவாங்க. அதானே?"

தலையாட்டினான். இன்னொன்றும் இருந்தது. எழுந்து இரண்டு கையாலும் விளக்குமாறு பிடிப்பது போலப் பெருக்கிக் காட்டிவிட்டு, மாட்டேன் என்று கையை விரித்தான்.

"உங்களுக்கு விளக்குமாறு கண்ணுல தெரியுது" என்றாள் முர்தினி. "எனக்கு லஸ்தியா முகம் தெரியுது."

ஆர்சனா மறுபடி உட்கார்ந்தான். கண்ணை மூடவில்லை.

கடற்கரைத் தெரு லஸ்தியா. மீன்காரர். ஒரு குட்டி நாய் விளையாட்டாகப் பல் பதித்தது. குட்டிதானே என்று விட்டுவிட்டார். கீறல் ஆறிப்போய் மாதங்கள் கழித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். முர்தினி பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். கடலில் முப்பது வருடம் கிடந்த மனிதர் அந்த டம்ளரைப் பார்த்துச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தொண்டை இழுத்து இழுத்து மூடியது. அந்த அறையிலிருந்து அவர் திரும்பி வரவில்லை.

முர்தினி முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். செல்போனை எடுத்து சுவித்ராவுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் போனை அணைக்கச் சொன்னவரே அவர்தான்.

தூண்கள் மேல் நிற்கும் நெற்குதிருக்கு அடியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

குனிந்து பார்த்தாள். பெலாங் குதிரின் தூணைக் கடித்துக்கொண்டிருந்தது. வாயெல்லாம் மரச்சிராய். ஈறில் ரத்தம். நிறுத்தவில்லை.

நேற்றிலிருந்து அது சாப்பிடாததை அவள் கவனித்திருந்தாள். நேற்று சாயங்காலம் ராட்சத பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே தட்டும் தகரமுமாகப் போட்ட சத்தத்தில் தீவின் அத்தனை நாய்களும் கட்டிலுக்கடியில் பதுங்கிக் கிடந்தன. இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். அப்படித்தான் இருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பார்த்தாள்.

சட்டியில் தண்ணீர் ஊற்றி, கழியால் தள்ளி வைத்தாள்.

பெலாங் வந்தது. தலையைச் சட்டிக்குள் இறக்கியது. தாடை ஆடியது. தண்ணீர் இறங்கவில்லை. கோழையாக ஒரு இழை வாயிலிருந்து தொங்கியது. இருமுவது போல ஒரு சத்தம். குரைக்கப் பார்க்கிறது, குரல் உடைந்திருக்கிறது. மறுபடி தலையை இறக்கியது. மறுபடி வெளியே எடுத்தது.

முர்தினியின் பின்னால் ஆர்சனா வந்து நின்றிருந்தான். அவனும் பார்த்தான்.

"சத்தத்துக்குப் பயந்த நாய்க்குத் தண்ணி இறங்கும் ப்ளி" என்றாள் அவள்.

அவன் போய்ப் பழைய கதவுப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பன்றிக் கொட்டில் காலியாக இருந்தது. அங்கே இருந்த பன்றி கலுங்கானுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பலகையைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு இருவரும் நாயை அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். அது பலகையைக் கடித்தது. ஆர்சனாவின் கால் வழுக்கியது. முர்தினி பலகையின் முழு பாரத்தையும் தோளில் வாங்கிக்கொண்டு நின்றாள். இவ்வளவும் ஒரு சத்தம் இல்லாமல் நடந்தது. பக்கத்து வீட்டில் மெனு பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள்.

கொட்டில் கதவைச் சாத்தினார்கள். கம்பி போட்டாயிற்று.

ஆர்சனா மூச்சு வாங்கக் கொட்டிலைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு மெதுவாக வாசலுக்குப் போய், தாளை அவனே விலக்கினான்.

முர்தினி கிணற்றடியில் கிடந்த சோப்புக் கட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தெருவில் நடக்கிறாள். இப்படி ஒரு தெருவை அவள் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் மதில்களுக்குப் பின்னால் கண்கள் இருப்பது தெரிந்தது. தன் செருப்புச் சத்தம் தனக்கே அசிங்கமாகக் கேட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

ஆலமரத் திருப்பத்தில் இளம் பெச்சாலாங் ரெஸ்தா வழியை மறித்தான். மீசை இன்னும் முழுசாக முளைக்காத மீசைக்காரன்.

"எம்போ, எங்க கெளம்பிட்டீங்க? கடையெல்லாம் இன்னைக்கு லீவுன்னு யாரும் சொல்லலையா?" அக்காவை அங்கே எம்போ என்பார்கள். அவன் சொன்னதில் அக்கா என்கிற மரியாதை பாதிதான் இருந்தது.

"சுவித்ரா ப்ளி எங்க?"

"நாளைக்கு ஊரே ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மன்னிப்புக் கேக்கப் போகும்ல, அப்ப அவர் வீட்டுக்கு வாங்க. சோப்பெல்லாம் வேணாம், வாழைப்பழம் போதும்."

"வழி விடு ரெஸ்தா. அவரைக் கடிச்ச நாய்க்கு நோய் இருக்கு."

பையனின் முகம் மாறியது. வழியை விட்டான். விட்டதோடு முன்னால் ஓடவும் ஆரம்பித்தான்.

சாவடியில் சுவித்ரா தூணில் சாய்ந்து உட்கார்ந்து, நேற்றே கட்டி வைத்த இலைப் பொட்டலத்தைப் பிரித்து இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் கந்தல் கட்டு. சுற்றி நாலைந்து பெச்சாலாங்குகள்.

"வா முர்தினி" என்றார். "உங்க குடும்பத்துக்கு வருஷம் ஒரு தடவை கூட்டத்துல பேர் வரலைன்னா தூக்கம் வராது போல."

யாரோ சிரித்தார்கள்.

"அந்தப் பட்டை பெலாங்கோடது இல்ல ப்ளி."

"எது?"

"சிவப்புப் பட்டை. செத்துப்போன நாயோடது. நான்தான் எடுத்துக் கட்டினேன். எங்க நாய்க்கு ஊசி போட்டு வருஷம் தாண்டிருச்சு." ஒரே மூச்சில் சொன்னாள். நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்தது. "இப்ப தண்ணி இறங்க மாட்டேங்குது. தூணைக் கடிக்குது. குரல் போயிருச்சு."

சோறு பாதி வழியில் நின்றது.

"காலையில கேட்டேனே."

"கேட்டீங்க. பொய் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க கேட்டதால. வேற யாராவது கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பேன்."

முர்தினி அவர் கையைப் பிடித்துக் கட்டை அவிழ்த்தாள். உள்ளே கருப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"என்ன இது?"

"காபித்தூள். ரத்தம் நிக்கும்."

"கழுவலையா?"

"ஊசி போட்ட நாய்னு சொன்னியே" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் முர்தினிக்கு வலித்தது.

சாவடிக் குழாயைத் திறந்து, அவர் கையை அடியில் இழுத்து வைத்து சோப்புப் போட்டாள். காபித்தூள் கரைந்து ஓடியது. அடியில் பல் இறங்கிய குழிகள் தெரிந்தன. விரலிடுக்கில், குழியில், குழியைச் சுற்றி என்று தேய்த்தாள். மறுபடி சோப்பு. மறுபடி தண்ணீர். ஊர் முழுக்க ஓசையில்லாத அந்த நேரத்தில் குழாய் ஒன்றுதான் பேசியது.

"போதும்."

"போதாது."

"எரியுதுடீ."

"எரியட்டும். கையை எடுத்தீங்கன்னா கத்துவேன். நியேப்பியில கத்தினதுக்கும் சேர்த்து என் பேரைப் படிச்சுக்கங்க."

தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிய பிறகுதான் விட்டாள். "கெளம்புங்க. ஆஸ்பத்திரி."

"நாளைக்குக் காலையில போறேன்."

"இப்ப."

சுவித்ரா ஈரக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். "நான் இன்னைக்கு வண்டியில போனா, அடுத்த வருஷம் எந்த மூஞ்சியோட ஒருத்தனை நிறுத்துவேன்? இருபது வருஷமா இந்த வேட்டி கட்டறேன்."

"பிரசவ வலின்னா அனுப்பறீங்கல்ல?"

"அது அவசரம்."

"எது அவசரம்னு சொல்றது யாரு?"

ஊருக்கே தெரிந்த பதில். அவசர வண்டியின் கைப்பிடியில் கட்டுகிற கட்டம் போட்ட துணி அவர் இடுப்பில்தான் செருகியிருந்தது.

ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இறங்குது பாரு."

"இன்னைக்கு இறங்கும் ப்ளி" என்றாள் முர்தினி. "இறங்காம போற அன்னைக்கு எந்த ஊசியும் வேலை செய்யாது. லஸ்தியாவைத் தூக்கினவங்கள்ல நீங்களும் இருந்தீங்க."

டம்ளர் அவர் கையிலேயே இருந்தது. குழாயிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டியது. அவர் அந்தச் சொட்டைப் பார்த்தார். அடுத்த சொட்டையும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து துணியை உருவி அவளிடம் நீட்டினார்.

"கட்டு. எனக்கு ஒரு கை வேலை செய்யலை."

முர்தினி சாவடி வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் துணியை முடிந்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். சாவடி மூலையில் சாத்தியிருந்த மூங்கில் தடிகளைக் காணோம். ரெஸ்தாவையும் காணோம்.

"ஏறுங்க ப்ளி, சீக்கிரம்."

"நீயா ஓட்டுவே?"

"நீங்க ஒத்தைக் கையால ஓட்டுவீங்களா?"

அந்த ஊரில், அந்த நாளில், ஒரே ஒரு வண்டியின் சத்தம். ஒவ்வொரு மதிலுக்கு மேலும் தலைகள் முளைத்தன. பெச்சாலாங் தலைவர் ஒரு பெண் பின்னால் உட்கார்ந்து போவதை ஊரே பார்த்தது. சுவித்ரா யாரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முர்தினியின் வீட்டு வாசலில் ரெஸ்தாவும் இன்னும் இரண்டு பேரும் தடிகளோடு நின்றிருந்தார்கள். ஆர்சனா இரண்டு கையையும் நிலைக்கு நிலை நீட்டி வழியை அடைத்திருந்தான். வாய் மூடியிருந்தது. தலை மட்டும் இடமும் வலமும் ஆடியது.

"தள்ளுங்க ப்ளி" என்றான் ரெஸ்தா. "வாயைத் திறந்து சொல்லுங்களேன். ஓ, விரதமோ? அப்ப சம்மதம்னே எடுத்துக்கறோம்."

தடியால் ஆர்சனாவின் கையை விலக்கினான். ஒரு கால் உள்ளே போனது.

"அடிக்காதீங்கடா."

விடிந்ததிலிருந்து பேசாத தொண்டை. துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது குரல்.

"அடிச்சா மண்டையிலதான் அடிப்பீங்க. மண்டை நசுங்கிப் போச்சுன்னா, நோய் இருந்துச்சா இல்லையான்னு கால்நடை ஆபீஸ்காரங்க எந்த மூளையை வச்சுப் பார்ப்பாங்க? அது கொட்டில்ல கிடக்கட்டும். நோய்னா அதுவே காட்டும். நீ தடியோட கிட்டப் போனா உன்னையும் கடிக்கும். அப்புறம் உனக்கும் ஒரு வண்டி தேடணும்."

ரெஸ்தா உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தான்.

வண்டியில் இருந்தபடியே சுவித்ரா சொன்னார்: "தடியைப் போடு ரெஸ்தா. வாசல்லயே நில்லு. கொட்டில் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது." பிறகு ஆர்சனாவைப் பார்த்தார். "விரதம் போச்சேப்பா."

"போகட்டும் ப்ளி. உங்களுக்காகத்தான் போச்சுன்னு வெளிய சொல்லிடாதீங்க. எனக்கு அசிங்கம்."

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு மட்டும் விழித்திருந்தது. ஜன்னலுக்கெல்லாம் கருப்புத் துணி. டாக்டர் ஜாவாக்காரப் பெண். சின்ன வயசு. கேள்விகள் மட்டும் பெரிய வயசுக்காரியுடையவை. எப்போது, எந்த இடத்தில், ரத்தம் வந்ததா, ஏதாவது போட்டீர்களா, எப்போது கழுவினீர்கள்.

"கழுவினது ரொம்பத் தாமதம்" என்றாள். "கழுவாததுக்கு இது எவ்வளவோ மேல். தையல் வேண்டாம். காயம் திறந்தே இருக்கட்டும்."

புஜத்தில் ஒரு ஊசி. அதற்குப் பிறகு கடித்த இடத்தைச் சுற்றியே, குழிகளின் ஓரத்திலேயே ஊசி இறங்கியது. சுவித்ரா உதட்டைக் கடித்தார். நியேப்பி அங்கேயும் அவரை விடவில்லை.

"மிச்ச ஊசிக்கெல்லாம் சொல்ற நாள்ல வரணும். ஆறிடுச்சுன்னு நின்னுடக் கூடாது." டாக்டர் கையுறையைக் கழற்றப் போனவள் நின்றாள். முர்தினி பக்கம் திரும்பினாள். "நாய் உங்களோடதா? நக்குமா?"

முர்தினிக்குச் சிரிப்பு வந்தது. "நாய்னா நக்காதா டாக்டர்?"

"கையைக் காட்டுங்க."

காட்டினாள். விரல் நுனிகள் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டுகள். பூசைத் தட்டுக்குத் தென்னங்குருத்து நறுக்கும் கத்தி போடுகிற வெட்டுகள். அந்தத் தீவில் பெண் கை என்றால் அப்படித்தான் இருக்கும். பண்டிகை வாரத்தில் இன்னும் கூடுதல். நேற்று சாயங்காலம், சத்தத்துக்குப் பயந்து ஒண்டிக்கொண்டது என்று நினைத்து பெலாங்கை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். அது அவள் விரல் ஒவ்வொன்றையும் நக்கியது.

டாக்டர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். குழாயைக் காட்டி, முதலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். "வீட்டுக்காரரையும் நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. அவர் கையையும் பார்க்கணும்."

முர்தினி கழுவினாள். இந்த முறை போதாது என்று சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

பக்கத்து நாற்காலியில் சுவித்ரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

"நீ காலையில தலையாட்டி ஏமாத்தினது என்னை மட்டும் இல்ல போல" என்றார்.

பெலாங் மறுநாள் சாயங்காலம் வரை தாங்கவில்லை. பின்கால்கள் முதலில் விழுந்தன. கால்நடை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் கையுறையும் ஐஸ் பெட்டியுமாக வந்து அதை எடுத்துப் போனார்கள். பட்டையையும்தான். சில நாளில் பதில் வந்தது. நோய்தான்.

ஊர்க்கூட்டத்தில் சுவித்ரா பெயர்களைப் படித்தார். தெருவில் இறங்கியதற்கு முர்தினி. பட்டை கொடுத்ததற்கு மெனு. அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள். நாயைக் கொல்லப் போனதற்கு ரெஸ்தா.

"அப்புறம் நான்" என்றார். "நாய் கடிச்சதும் கழுவாம காபித்தூள் அப்பினதுக்கு. நாலு பேரும் சேர்ந்து பெருக்கறோம்."

பின் வரிசையிலிருந்து ஆர்சனா குரல் கொடுத்தான். "விளக்குமாறு பிடிக்கச் சொல்லித் தரணும்னா நான் இருக்கேன் ப்ளி. அனுபவம் இருக்கு."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் சுவித்ரா கடிபட்ட கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு கேட்டார்: "ஊசி போடாத நாய்க்குப் பட்டை கட்டியிருக்கறவங்க வேற யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. பேர் படிக்க மாட்டேன்."

ஒரு கையும் ஏறவில்லை. ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர் வெற்றிலையைத் தேடினார். முர்தினி முகங்களைப் பார்த்தாள். ஒரு முகமும் அவள் கண்ணுக்கு நேராக நிற்கவில்லை.

ஊசிகள் அவளுக்கு இன்னும் முடியவில்லை. காலையில் எழுந்ததும் முதல் மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்பாள். இறங்கும். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை. ஆர்சனாவும் அப்படிச் செய்வதை ஒருநாள் பார்த்தாள். கேட்கவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் ஊசிக் குழு வந்தது. விட்டுப்போன நாய் ஒன்றிரண்டு இருந்தால் போட்டுவிட்டுப் போகலாம் என்று சின்னப் பெட்டி ஒன்றோடு வந்திருந்தார்கள்.

சாவடி வாசலிலிருந்து ஆலமரத் திருப்பம் வரை வரிசை நின்றது. கயிற்றில் நாய், சாக்கில் நாய், தோளில் நாய். அத்தனை கழுத்திலும் சிவப்புப் பட்டை.

"இதுக்குத்தான் போட்டாச்சே" என்று குழுக்காரர் வரிசையில் முதலில் நின்றவரைக் கேட்டார்.

"இன்னொண்ணு போட்டா என்ன கெட்டுப்போச்சு" என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அவருக்குப் பின்னால் இருந்தவள், "எங்களுதும் அப்படித்தான். சும்மா ஒரு தைரியத்துக்கு" என்றாள்.

முர்தினி குழாயடியில் சோப்போடு நின்றாள். நாய் பிடிக்கிற வேலையில் யாருக்காவது கீறல் பட்டால் கழுவிவிட அவளாகவே வந்திருந்தாள். வரிசையின் நீளத்தைப் பார்த்தபோது ஒரு கட்டி போதாது என்று தோன்றியது.

சுவித்ரா வரிசையின் முனையிலிருந்து கடைசி வரை ஒருமுறை நடந்தார். திரும்பி நடந்தார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"பட்டையைக் கழட்டிட்டு நில்லுங்க" என்றார்.

வரிசையில் எங்கோ ஒரு கொக்கி கழன்ற சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று.